ஷெட்டில் கிடப்பது யாருடையது?

இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் கதவைத் திறந்து சற்று நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இரவு பகலாய் மோட்டார் வாகனங்கள் செய்து உலகுக்கு அனுப்புகிற நமது பகுதியிலே, கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் கார் நிற்காத வீடுகள் அநேகம். அங்கே நிற்பவை வேறு: சக்கரம் கழன்ற குழந்தை சைக்கிள், மூடி தொலைந்த மிக்ஸி, உறைந்துபோன பெயிண்ட் டப்பாக்கள், இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய பாட்டரி, என்றைக்காவது உதவும் என்று அடுக்கிய அட்டைப்பெட்டிகள். காரோ தெருவில் நிற்கிறது. தண்ணீர் லாரி திரும்ப வழியின்றித் தவிக்கிறது. வேண்டாத சாமானுக்கு வீட்டில் இடம் கொடுத்துவிட்டு, வேண்டிய காருக்கு ஊராரின் இடத்தை எடுத்துக்கொள்கிறோம். இது வெறும் சோம்பல்தானா, அல்லது நீதியையும் தொடுகிற விஷயமா?

வேடிக்கை யாதெனில், இந்த ஷெட்டின் சொந்தக்காரரே தொழிற்சாலைக்குள் நுழைந்தால் வேறு மனிதராகிவிடுகிறார். ஜப்பானியரிடமிருந்து வந்த ‘ஃபைவ் எஸ்’ முறை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: செய்ரி, செய்டன், செய்ஸோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே. வேண்டியதையும் வேண்டாததையும் பிரி, ஒவ்வொன்றுக்கும் இடம் வை, துடை, அந்த நிலையைக் காப்பாற்று, பழக்கமாக்கு என்பது அதன் சாரம். உபயோகம் சந்தேகமான பொருளில் தேதியிட்ட சிவப்பு அட்டை கட்டித் தனி இடத்தில் வைப்பார்கள். குறித்த நாளுக்குள் கேட்பாரில்லையேல் அது வெளியே போகும். எட்டு மணி நேரம் ஸ்பானரைக் கூட இடம் மாற்றி வைக்காத கை, வீட்டில் ஒரு ஆணி வேண்டுமென்றால் மூன்று மூட்டைகளைக் கவிழ்க்கிறது. சம்பளத்துக்கும் மேலாளரின் பார்வைக்கும் மட்டுமே கட்டுப்படும் ஒழுங்கை நல்லொழுக்கம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், மனிதன் சொத்து வைத்திருப்பது நியாயமா என்று ஆராய்ந்தார். நியாயமே என்றார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று மிகவும் சாதாரணமானது: பொதுப் பொருளைவிடத் தன் பொருளை ஒவ்வொருவனும் அக்கறையாய்க் கவனிக்கிறான். ஆனால் அதை உபயோகிப்பதில் பிறர் தேவையையும் எண்ண வேண்டும் என்று சேர்த்தார். இதை ஷெட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். நன்றாகக் கவனிப்போம் என்பதற்காகத்தான் பொருள் நம்மிடம் இருப்பது நியாயமாகிறது. ஓடக்கூடிய மின்விசிறி நம்மிடம் துருப்பிடித்துக் கிடந்தால், அதை நாம் வைத்திருப்பதன் நியாயமே பலவீனப்படுகிறதன்றோ? சட்டப்படி அது நம்முடையதே, ரசீதும் இருக்கலாம். லூக்காஸ் சுவிசேஷத்துத் தனவானின் களஞ்சியமும் அவனுடையதுதான். அந்த உவமையை 4-ம் நூற்றாண்டில் செசாரேயா நகரில் விளக்கிய அர்ச். பசிலியார், உபயோகமின்றிப் பூட்டி வைத்தது இல்லாதவனுக்கு உரியது என்ற கருத்தைக் கூசாமல் சொன்னார்.

அதற்காக எதையும் எறியாத நம் தாய்மாரைக் கேலி செய்யலாகாது. பஞ்சத்தையும் ரேஷனையும் கண்டவர்கள் கயிற்றுத் துண்டையும் சுருட்டி வைத்தார்கள். வேண்டும்போது இருட்டிலும் கை நீட்டி எடுத்தார்கள். அது சிக்கனம். இருக்கிற சுத்தியல் கிடைக்காமல் இரண்டாவது சுத்தியல் வாங்குவது சிக்கனமல்ல. வேண்டாததை எல்லாம் வீசிவிட்டுப் பண்டிகைத் தள்ளுபடியில் மறுபடி நிரப்புவதும் ஒழுங்கல்ல என்பதை நாகரிக மக்கள் மறந்துவிடுகிறார்கள்.

கொடுப்பதிலும் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. கிழிந்த மெத்தையையும் ஷாக் அடிக்கும் இஸ்திரிப் பெட்டியையும் ‘ஏழைகளுக்கு’ என்று மூட்டை கட்டி அனுப்புவது தருமமல்ல. குப்பையை அடுத்தவன் வாசலில் கொட்டுவது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரே அறையில் பலராய்த் தங்கி, நம் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை செய்யும் வாலிபர்களுக்கு ஓடுகிற மின்விசிறி, ஒழுகாத வாளி, துவைத்த போர்வை ஆகியவற்றின் அருமை தெரியும். பழுது இருந்தால் நம் செலவில் சரிசெய்து கொடுப்போம். வேண்டுமா என்று முதலில் கேட்போம். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் உரிமையுண்டு.

பிறருடைய பொருளில் நாம் தருமவான்கள் ஆவதும் சரியல்ல. கணவர் வேலைக்குப் போயிருக்கையில் அவருடைய கருவிப்பெட்டியையும், பிள்ளை பள்ளியில் இருக்கையில் அவன் சேர்த்த கோலிக்குண்டுகளையும் அப்புறப்படுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. இரவல் வாங்கிய ஏணி கிடைத்தால் அன்றே பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். மறைந்த தகப்பனாரின் ரம்பத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒன்றை எண்ணெய் பூசி மாட்டி வையுங்கள், மீதியை அவர் தொழிலைச் செய்கிற ஒருவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. சிவப்பு அட்டை சாமானுக்கு மட்டுமே. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. அந்த ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அவர்களில் இளம்பெண்கள் அநேகர். உபயோகம் தீர்ந்தது வெளியே என்னும் கணக்கு மனிதர்மேல் விழுந்தால் எப்படியிருக்கும் என்று நமது பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷெட்டைத் துப்புரவு செய்கிற உற்சாகத்தில், பின்கட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவரின் கட்டிலையும் ‘இடைஞ்சல்’ என்று பேசாதிருப்போமாக. அவர் காதில் விழும்.

வேலையைப் போகிப் பண்டிகை வரை தள்ளாதீர்கள். அன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தினால் அந்தப் புகையைத் தெருக் குழந்தைகளே சுவாசிப்பார்கள். மழைநீர் தேங்கிய பழைய டயரில் டெங்குக் கொசு பெருகும்; நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பாட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருப்பதால், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, சாய்க்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். அதைத் திரும்பப் பெற 2001 முதலே சட்டவிதிகள் உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். வழக்கமாக விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.