இனிப்புக்கு எதற்குக் கூச்சம்?

வயது ஏற ஏற, இனிப்புப் பிடிக்கும் என்று சொல்லவே பலர் கூச்சப்படுகிறார்கள். காப்பியிலிருந்து சர்க்கரை போய்விடுகிறது. 85 சதவீதம் கொக்கோ இருந்தால்தான் அது சாக்லேட் என்கிறார்கள். ஒயின் பிரியர்களிடம் இந்த எண்ணம் இன்னும் முற்றிப்போயிருக்கிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் ரசனை உள்ளவர்களுக்காம், இனிப்பு ஒயின் கற்றுக்குட்டிகளுக்காம். உடம்புக்காகச் சர்க்கரையைக் குறைப்பவர்களை நான் சொல்லவில்லை. ருசி முதிர்ந்துவிட்டது என்று காட்டிக்கொள்வதற்காக இனிப்பைக் கைவிடுகிறவர்களைத்தான் சொல்கிறேன். வளர்வது என்றால் சிறுவயதில் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் துறப்பதுதானா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இத்தாலியின் வடமேற்கில் உள்ள பியெமோந்தேயை நினைத்துக்கொள்வேன். பெரும் மதிப்புப் பெற்ற பரோலோ ஒயின் அந்த மண்ணில்தான் பிறக்கிறது. அறுவடைக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் முதிர வைத்துத்தான் அதை விற்பார்கள். சற்றுத் தள்ளி, அஸ்தி நகரைச் சுற்றிய குன்றுகளில் மொஸ்காத்தோ தாஸ்தி விளைகிறது. ரோமானியர் காலத்திலிருந்தே வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஆக்வி தெர்மே பக்கம் போனால் பிராக்கெட்டோ தாக்வி. முன்னது வெளிறிய பொன்னிறம், பின்னது மாதுளை முத்தின் சிவப்பு. இரண்டும் இனிப்பானவை, இரண்டிலும் குமிழி உண்டு. பரோலோவில் ஆல்கஹால் 13 சதவீதத்துக்குக் குறையாது. இவற்றில் பெரும்பாலும் ஐந்தாறு சதவீதம்தான். ஆனாலும் இத்தாலி தன் ஒயின்களுக்கு வழங்கும் மிக உயர்ந்த தரநிலையைப் பரோலோவுக்கு 1980-இலும், மொஸ்காத்தோ தாஸ்திக்கு 1993-இலும், பிராக்கெட்டோவுக்கு 1996-இலும் கொடுத்திருக்கிறது. அங்கே இனிப்பு ஒயினை யாரும் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பதில்லை.

அந்த இனிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு இவற்றின் மேல் மரியாதை கூடியது. திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. தடுக்காமல் விட்டால் பெரும்பாலும் கடைசித் துளி சர்க்கரை வரை தின்று தீர்த்துவிடும். இங்கே சாற்றை மூடிய அழுத்தத் தொட்டியில் நொதிக்க வைத்து, ஆல்கஹால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும் நேரத்தில் சட்டென்று குளிரூட்டுகிறார்கள். ஈஸ்ட் அடங்கிவிடுகிறது. அதை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேலான திராட்சையின் சொந்தச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. வெளியேற வழியில்லாத வாயு குமிழியாக நிற்கிறது. தொட்டியில் நுரைக்கவைக்கும் இந்த முறைக்கு 1895-இல் காப்புரிமை பெற்றவர் அஸ்தியின் ஒயின் ஆய்வு நிலையத்தை நடத்திய ஃபெதெரிகோ மார்த்தினோத்தி. நொதித்தலை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் தொழில்காரரின் கைத்திறமை இருக்கிறது.

இந்த ஒயின்களை நான் சாக்லேட்டோடு சேர்த்து ருசிப்பதுண்டு. இனிப்புக்கு மேல் இனிப்பு அல்லவா என்று கேட்பார்கள். இனிப்பில்லாத சிவப்பு ஒயினோடு ஒரு துண்டு சாக்லேட்டைச் சாப்பிட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். சாக்லேட்டின் சர்க்கரை பட்டதும் ஒயின் புளித்து, மெலிந்துபோகும். கொக்கோவின் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் கூட்டுச் சேர்ந்து வாயை வறட்டும். அதனால்தான் பலகாரத்தைவிட ஒயினின் இனிப்புக் குறையக்கூடாது என்பார்கள். பிராக்கெட்டோவில் அந்தச் சண்டை இல்லை. கொக்கோ வெண்ணெய் நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகி நாக்கில் படிகிறது. குளிர்ந்த ஒயினின் புளிப்பும் குமிழிகளும் அந்தப் படலத்தைக் கழுவிவிடுகின்றன. ரோஜா மணமும் ஸ்ட்ராபெர்ரி வாசமும் மேலெழுகின்றன. அடுத்த துண்டு முதல் துண்டுபோலவே ருசிக்கிறது. 85 சதவீதச் சாக்லேட் இந்த ஒயினை அமுக்கிவிடும்; 60, 70 சதவீதம்தான் சரி.

மொஸ்காத்தோவுக்கு என் தேர்வு ஜாந்துயா என்னும் சாக்லேட். நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் கொக்கோ கிடைக்காமல்போக, தூரின் நகரச் சாக்லேட்காரர்கள் லாங்கே குன்றுகளின் ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்ததில் பிறந்தது அது என்று அந்த ஊரில் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடியும் கொக்கோ தட்டுப்பாடு. அப்போதும் ஆல்பா நகரின் இனிப்புத் தயாரிப்பாளர் பியெத்ரோ ஃபெரெரோ ஹேசல்நட் பசையைத்தான் நாடினார். 1964-இல் நுடெல்லாவாக வந்தது அதன் வாரிசு. பஞ்ச காலத்திலும் அந்த மக்கள் இனிப்பை விட்டுவிடவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நம் ஊரில் ஆல்கஹால் என்றாலே போதை என்றுதான் எண்ணம் ஓடுகிறது. அது எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்று பார்க்கும்போது அந்த எண்ணத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பியெமோந்தேயில் இந்த ஒயின் வருவது சாப்பாடு முடிந்த பிறகு, சிறிய கிளாசில், பேச்சு சூடுபிடித்திருக்கும் வேளையில். தலை தெளிவாகவே இருக்கும். அந்தப் பொழுதை ரசிப்பதற்கு முதிர்ச்சி குறைவாக இருக்க வேண்டும் என்று நான் நம்பவில்லை. கசப்பை ரசிக்கக் கற்றுக்கொண்டது நல்லதுதான். இனிப்பு அதற்காக இடம் காலி செய்ய வேண்டியதில்லை.

மது அருந்தும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல பரோலோவை இருபது வருடம்கூடப் பாதுகாத்து வைக்கலாம். மொஸ்காத்தோவும் பிராக்கெட்டோவும் அப்படித் தாங்காது; ஓரிரு வருடத்தில் மணம் மங்கிவிடும். வாங்கினால் நன்றாகக் குளிரவைத்து, பிடித்தவர்களைக் கூப்பிட்டு, இந்த வாரமே திறந்துவிடுங்கள்.