கொடையோ, கடனோ?

இலங்கையிற் கல்வி இலவசம் என்று கூறி அமைதியடைவது நம்மவர் வழக்கம். அவ்வமைதிக்குக் காரணமும் உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் அரசாங்கப் பாடசாலைகளிற் கட்டணம் நீங்கியது. 1980இற் பாடநூல்களும் இலவசமாயின. இன்று நம் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருட் பெண்களே பெரும்பான்மையினர். ஆயின், கட்டணம் நீங்கியதனால் கல்வியின் விலை முழுவதும் நீங்கிற்றெனக் கொள்ளலாமோ?

தம்புள்ளையை நம்மிற் பலர் குகைக் கோயிலால் அறிவர். எஞ்சியோர் திருகோணமலைக்குச் செல்லும் வழியிலே தேநீர் அருந்திய இடமாக அறிவர். அவ்வட்டாரத்திலே சிறுபோகத்திற் பெரிய வெங்காயம் பயிராகின்றது. அறுவடை வந்துவிட்டால் பிடுங்குதல், உலர்த்துதல், தாளரிதல், தரம் பிரித்தல் என வேலை நெருக்கும். பிந்தினால் மழை கெடுக்கும். இறக்குமதி வெங்காயம் சந்தைக்கு வந்துவிட்டால் விலை வீழும். அந்நாட்களில் ஒரு கமக்காரக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாயும் தந்தையும் வயலில் நிற்கின்றனர். தொட்டிற் குழந்தையை யார் பார்ப்பது? மூத்தவள் பெண்ணாயின் வினாவே எழுவதில்லை. மூன்று வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்புபவளுக்குக் கணிதம் அந்நிய மொழியாகிவிடுகின்றது.

தந்தையைக் குற்றவாளியாக்குதல் எளிது. 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாகும். எனினும், அவர் மகளை வெறுத்து மறித்தவரல்லர். கூலியாளுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர். அவள் இழந்த நாட்களே வெங்காயத்தின் விலையைத் தாழ்த்தியுள்ளன. 1999இல் அங்கு நிறுவப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறியேறி வரும் அவ்வெங்காயத்தை உண்பவர் நாம்.

இதனாலேயே கிராமத்துப் பெண்பிள்ளையின் கல்விக்கு உதவுதலைக் கொடையெனக் கூற மனம் ஒப்பவில்லை. கொடை தகுதி பார்க்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிற் சித்தியெய்தியவளைத் தேடிச் சென்று மாலையிடும். நடுத்தர மதிப்பெண் பெறுபவள் அதன் கண்ணிற் படாள். கடனுக்கோ அத்தகைய தெரிவுரிமை இல்லை. கடன்பட்டவன், கொடுத்தவள் கெட்டிக்காரியா என்று வினவுவதில்லை.

அக்கடனைத் தீர்க்கும் வழி பெரிதுமன்று. அறுவடை வாரங்களிலே கைக்குழந்தைகளைப் பராமரிக்க ஊர்தோறும் ஓரிடம் வேண்டும். தவறிய பாடங்களை மீளக் கற்பிக்கும் ஆசிரியருக்கு மேலதிகப் படி வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்பார்க்கு ஒன்று கூறலாம்: மத்திய நிலையத்தின் வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு லொறியிலிருந்தும் ஒரு சிறு தொகை பெற்றாற் போதும்.