மூட்டுக்குள் வைக்கும் அமானிதம்

ருகூஃவுக்குக் குனிவதும் ஸுஜூதில் விழுவதும் எத்துணை பெரிய நிஃமத் என்பதை முழங்கால் தேய்ந்த பின்னர்தான் நாம் உணர்கிறோம். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சலுகை தந்தார்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படியும் அவர்களே ஏவினார்கள். ஆகவே மூட்டு வலிக்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் அது தேய்ந்தால் தானே ஆறுவது அரிது. இதற்கு வழி காண, குருத்தெலும்பு உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, வளர்ச்சியைத் தூண்டும் புரதத்திற்கான மரபணுவை அவற்றுள் புகுத்த விஞ்ஞானிகள் முனைந்தார்கள்.

இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று நம்மில் சிலர் கேட்கலாம். 1998-இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ குறைக்கவோ மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம், ஆனால் அதனால் பெரிய தீங்கு நேரக்கூடாது என்று தீர்மானித்தது. அந்த நிபந்தனையைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

தென் கொரியாவில் 2017 ஜூலையில் ‘இன்வோசா’ என்னும் முழங்கால் ஊசி மருந்துக்கு அரசு அனுமதி தந்தது. ஆறாம் விரலுடன் பிறந்த ஒரு வயதுப் பெண் குழந்தையின், அறுத்தெடுக்கப்பட்ட விரலிலிருந்து வந்த குருத்தெலும்பு உயிரணுக்கள் அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. மூன்று பங்கு இயல்பான உயிரணுக்கள். ஒரு பங்கு மரபணு புகுத்தப்பட்டவை. 3,700-க்கும் மேற்பட்டோர் அதைச் செலுத்திக்கொண்டார்கள். 2019-இல்தான் உண்மை வெளிப்பட்டது. மரபணு புகுத்தப்பட்ட அந்த ஒரு பங்கு குருத்தெலும்பு உயிரணுவே அல்ல. மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸைத் தயாரிக்கப் பயன்படும், சிறுநீரக வழிவந்த உயிரணு! அவ்வாண்டே அனுமதி ரத்தாயிற்று.

இது வஞ்சகம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. 2024-இல் சியோல் நீதிமன்றமொன்று நிறுவனத்தின் முன்னாள் தலைவரைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. ஆனால் ‘எமக்குத் தெரியாது’ என்பதோடு பொறுப்பு முடிந்துவிடுமா? மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை. அவருடைய நிய்யத் நல்லதாகவே இருக்கலாம். எனினும் பொறுப்பு நீங்கவில்லை. பிறர் உடலுக்குள் ஒன்றை வைப்பவர், அது இன்னதென்று தேர்ந்து தெளிவதும் அமானிதத்தின் ஒரு பகுதியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே மருந்தின் சோதனையை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. உயிரணு எதுவென்று வெளிப்பட்டு, விளக்கங்கள் கேட்டுப் பெற்றபின், 2020 ஏப்ரலில் தடையை நீக்கியது. உயிரணு மாறவில்லை, அதன் பெயர்தான் உண்மையாயிற்று. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்களிடம், மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மழை அவர் குற்றமன்று. ஈரத்தை மேலே வைத்து மக்கள் காணச் செய்யாததே குற்றமாயிற்று.

ஆகவே நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிய ஊசி போடுமுன், இதில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று மருத்துவரிடம் கேட்போமாக. அது அவமரியாதையன்று, நமது உரிமை. கூடவே நம்மையும் கேட்டுக்கொள்வோம்: நம் கடைப் பலகையில் எழுதியிருப்பதும், உள்ளே நாம் விற்பதும் ஒன்றுதானா? கடைசியாக அதை எப்போது சோதித்துப் பார்த்தோம்?

வல்ல அல்லாஹ் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் அமானிதம் பேணும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.