நோயை மறைத்தல் அன்பாகுமா?

மக்கட்கு வருந் துன்பங்களுள்ளே நோய் ஒன்று. அந்நோயினும் கொடியது, நோயுற்றவரும் அவரைச் சூழ்ந்தவரும் ஒரே மனையில் இருந்துந் தனித்தனியே துன்புறுதல். புற்றுநோய் புகுந்த இல்லங்களிலே இத்தனிமை பெரும்பாலுங் காணப்படுகின்றது. அதற்குக் காரணம் பகையன்று, அன்பே. “அறிந்தால் மனமுடைந்துபோவார், ஆதலால் அறிவியாதிருப்போம்” எனச் சுற்றத்தார் கூடித் தீர்மானிக்கின்றனர். அங்ஙனஞ் செய்தல் அறமாகுமா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், முப்பதாண்டு கிராமப் பாடசாலையிலே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து இளைப்பாறியவர். அவருக்குத் தொண்டையிலே புற்றுநோய் என்று வைத்தியர் மூத்த மகனிடத்துச் சொன்னார். வீட்டார் யாவரும், யாமும் உட்பட, “அது வெறும் புண்; மாறிவிடும்” என்றே அவரிடத்துச் சொல்லிவந்தோம். மனைவியார் அடுக்களையிலே அழுதார். மகன் கிணற்றடியிலே அழுதான். அவர் முன்னிலையிலோ எல்லாரும் முகமலர்ந்து நின்றோம். அவரும் யாதும் வினவினாரல்லர். எட்டு மாதத்தின் பின் அவர் காலஞ்சென்றார். அவரது பெட்டியிலே ஒரு கொப்பி கிடைத்தது. காணியுறுதிகள் இருக்கும் இடம், கொடுக்கவேண்டிய கடன், இளைய மகளின் படிப்புக்கென வைத்த பணம் ஆகிய யாவும் அதிலே ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. தலைப்பிலே இட்ட திகதி, அவர் வைத்தியசாலையினின்று முதன்முறை திரும்பிய நாளின் மறுநாள். தம் கிளினிக் கொப்பியிலே எழுதப்பட்டிருந்த சொல்லை அவர் அன்றே வாசித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பிறர்க்கு வாசிக்கக் கற்பித்தவரிடத்து ஒரு சொல்லை ஒளித்தோம் என்னும் பேதைமை அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

யாம் அவரைக் காப்பதாக எண்ணினோம். உண்மையிலே அவரே எம்மைக் காத்தார். எம்மிடத்துச் சொல்லவேண்டியவற்றை அவர் கொப்பியிடத்துச் சொன்னார். அவர் வாய்ச்சொல்லாற் கேட்கவேண்டியவற்றை யாம் கேட்டிலேம்.

குற்றமில்லா நன்மை விளையுமிடத்துப் பொய்யும் மெய்யாக எண்ணப்படும் என்னுங் கருத்தைத் திருவள்ளுவர் வாய்மையதிகாரத்தில் வைத்தாரன்றோ எனின், வைத்தார். ஆயின் அவர் வைத்த நிபந்தனையை நோக்குக. விளையும் நன்மை குற்றமற்றதாதல் வேண்டும். மறைப்பினால் வரும் நன்மை யாருக்கு உரியது? அவர் கண்ணீரைக் காணும் அச்சத்தினின்று யாம் தப்பினோம். அவரோ தம் அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவருமின்றி நின்றார். ஒருவருக்குச் சுமையைக் கூட்டி மற்றையோருக்குச் சுமையைக் குறைக்கும் நன்மை குற்றமற்றதாகாது.

உண்மை நம்பிக்கையைக் கெடுக்கும் என்பாரும் உளர். புற்றுநோய் என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்கு வழங்கும் ஒரு பொதுப்பெயர். தொடக்கத்திலே அறியப்படுவனவற்றுட் பல, அறுவைச் சிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் மருந்தாலும் மாறுகின்றன. முற்றும் மாறாதவிடத்தும் பல்லாண்டு வாழ்வோர் பலர். பெயரைச் சொல்ல அஞ்சுவோரே அப்பெயரை மரணத்துக்கு மறுபெயராக்குகின்றனர். நோய் மாறாது என்று வைத்தியர் கூறியவிடத்தும், நோவின்றி உறங்கலாம், மகளின் திருமணத்தைக் காணலாம், பிரிந்த தம்பியோடு பேசலாம் என்னும் நம்பிக்கைகள் எஞ்சியுள்ளன. இவற்றை நிறைவேற்றுதற்குக் காலத்தின் அளவை அவர் அறிதல் வேண்டும்.

இனி, உண்மை கூறுதலாவது கேளாதவர் தலைமேல் எல்லாவற்றையுங் கொட்டுதலன்று. “எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள்?” என முதலிலே வினவுதல் வேண்டும். அறிய விரும்பாமையும் அவருரிமையே. அதனை அவர் தீர்மானிக்கலாம். யாம் தீர்மானித்தல் தகாது.

வடபகுதி நோயாளர் பலர் முன்னாளிலே மகரகமை வரையும் சென்று, சுற்றத்தாரைப் பிரிந்து பல கிழமை கிடந்தனர். தேவேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 2011ஆம் ஆண்டிலே பல இனத்தாரும் கூடி நடந்து பொருள் திரட்டினர். அப்பொருளின் உதவியால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. வழித்தூரம் குறைந்தது. ஒரு கட்டிலுக்கும் அதனருகிலுள்ள கதிரைக்கும் இடையேயுள்ள தூரத்தை யாமே குறைத்தல் வேண்டும்.

காணவருவோர் செய்யும் பிழைகள் இரண்டு. “வெற்றிலையும் புகையிலையும் விடு என்று அன்றே சொன்னேனே” என்பது ஒன்று. புகையிலை வாய்ப்புற்றுக்குக் காரணமாதல் உண்மையே. அதனை உடல்நலமுள்ள இளைஞருக்கு உரைத்தல் கடமை. கட்டிலிற் கிடப்பவருக்கு உரைத்தல் கொடுமை. “எல்லாம் முன்வினைப் பயன்” என்பது மற்றொன்று. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கும், பிறர் துன்பத்துக்கு இரங்கித் தன் செயலைத் திருத்தற்கும் உரியது. பிறர் துன்பத்துக்குத் தீர்ப்புக் கூறுதற்கு உரியதன்று. என்ன சொல்வது என்று அறியாமையால் வாராதொழியும் நண்பரும் உளர். அவர் ஒன்றுஞ் சொல்லவேண்டியதில்லை. ஒருநாள் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம், மருந்து வாங்கிவரலாம், இரவிலே ஒரு யாமம் விழித்திருந்து மனைவியாரை உறங்கச் செய்யலாம். மருந்தினாற் குமட்டலுற்றவரை “இன்னும் ஒரு பிடி” என்று வருத்தாது, உண்ணக்கூடியதை உண்ணுமளவு கொடுத்தலும் அன்பே.

பணிவிடை செய்வோர் தம் மனத்தையுங் காத்தல் வேண்டும். எலிசபெத் கூப்ளர்-ரொஸ் என்னும் வைத்தியர் 1969இல் வெளியிட்ட நூலிலே, மரணத்தை எதிர்நோக்குவோரிடத்து மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளைக் கூறினார். இவை யாவர்க்கும் ஒரே முறையில் வருவனவல்ல, சுற்றத்தார்க்கும் உரியன. நோயாளர்மேற் சினம் எழுதலும், இது எப்பொழுது முடியும் என நினைத்தலும் களைத்த மனத்தின் இயல்பு, அன்பின்மைக்குச் சான்றல்ல. அதனை நம்பத்தக்க ஒருவரிடத்து வாய்விட்டுச் சொல்லுதல் நன்று.

ஆசிரியர்காள்! உங்கள் வகுப்பிலே தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் வந்த பிள்ளை இருத்தல் கூடும். வீட்டிலே அப்பிள்ளைக்கு ஒன்றுஞ் சொல்லார். ஆயினும் அது கதவின் பின்னே நின்று கேட்டிருக்கும். தான் செய்த குழப்படியாலே அம்மாவுக்கு நோய் வந்தது என்று தனக்குள்ளே எண்ணவுங்கூடும். கணக்கு எழுதாது வந்த அப்பிள்ளையைத் தண்டிக்குமுன் வீட்டு நிலையை அறியுங்கள். பெற்றோரிடத்துப் பேசி, நோயின் பெயரை எளிய சொல்லாற் பிள்ளைக்கு அறிவிக்கச் செய்யுங்கள். இந்நோய் அதன் செயலால் வந்ததன்று, தொட்டால் ஒட்டுவதன்று என இரண்டையுந் தெளிவாகச் சொல்லுங்கள். மற்றைப் பிள்ளைகள் அதனை விலகியிராதபடி பாருங்கள்.

எம் உறவினரது கொப்பி இன்றும் எம்மிடத்தே உளது. அதன் ஈற்றிலே, கணக்குகளெல்லாம் முடிந்தபின், “இவர்கள் பயப்படுகிறார்கள், நான் கேட்கமாட்டேன்” என ஒரு வரி உளது. வேறொரு மனையிலே இவ்வரி எழுதப்படாதொழியுமாயின், யாம் இதனை எழுதியது பயனுடைத்தாம்.