காணும் உபகாரம்

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மூன்று நான்கு வயதுக் குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைத் தம் விரல்களுக்குள் அடக்கிக்கொண்டு, தகப்பனாரோ தாத்தாவோ அகரத்தை எழுதுவிக்கும் காட்சியைக் காணாதவர் நம்மில் அரியர். அரிசியில் பதிந்த அந்த முதல் எழுத்தை எழுதியவர் யார் என்னும் கேள்வி வெகுகாலமாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அசைந்தது குழந்தையின் விரல். அசைத்தது பெரியவரின் கை. குழந்தைதான் எழுதிற்று என்போமானால், பிடித்த கையை விட்ட மாத்திரத்தில் அதனால் ஒரு கோடும் ஒழுங்காக இழுக்க முடியவில்லையே என்ற ஆட்சேபம் எழுகிறது. பெரியவர் எழுதினார் என்போமானால், அகரம் தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்ட அவருக்கு அதை அரிசியில் எழுதிப் பார்க்க என்ன அவசியம் நேர்ந்தது என்ற ஆட்சேபம் எழுகிறது.

இதே கேள்வியைத்தான், அரிசித் தாம்பாளத்தை விடப் பெரியதொரு களத்தில் வைத்து, சைவ சித்தாந்தம் விசாரித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டார், பன்னிரண்டே சூத்திரங்களும் நாற்பதே அடிகளும் கொண்ட சிவஞானபோதத்தில், உயிரின் சுபாவத்தைச் ‘சதசத்து’ என்று வரையறுத்தார். இறைவன் ஒருவர் அறிவிக்காமல் தானே அறிபவன். கல்லும் மண்ணுமாகிய சடம், யார் அறிவித்தாலும் அறியாதது. உயிரோ இரண்டுக்கும் நடுவே நின்று, அறிவித்தால் அறிவது. தானே அறியும் பொருளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. அறிவித்தாலும் அறியாத பொருளுக்குப் பள்ளிக்கூடத்தால் பிரயோஜனமில்லை. ஆகவே ஊர்தோறும் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பதே உயிரின் இந்த இடைநிலைக்குப் போதிய சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பெரிய தத்துவத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பாடத்துக்கு இறக்கிப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். திருக்குறளின் முதற்பாட்டில் வள்ளுவரும், திருவருட்பயனின் முதற்பாட்டில் உமாபதி சிவாசாரியரும், இறைவனை உணர்த்துவதற்கு உவமையாக எடுத்துக்கொண்டது குழந்தை முதன்முதல் எழுதும் அந்த அகரத்தையேயன்றோ? அவர்கள் சிலேட்டுப் பலகையிலிருந்து புறப்பட்டு மேலே போனார்கள். அதே வழியில் நாம் கீழே வருவதில் பிழை இருக்க முடியாது.

சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் கண்ணையும் உயிரையும் உவமையாகக் கொண்டு பேசுகிறது. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் அதற்குப் பொருளைக் காட்டுகிறது. காட்டிவிட்டு ஒதுங்கி நின்றுவிடாமல், கண்ணோடு கலந்து தானும் உடன் காண்கிறது. அவ்வாறே இறைவனும் உயிருக்குக் காட்டுகிறான், உயிரோடு நின்று தானும் காண்கிறான். முன்னதைக் காட்டும் உபகாரம் என்றும், பின்னதைக் காணும் உபகாரம் என்றும் சித்தாந்திகள் பிரித்துச் சொல்வார்கள். காட்டுவது மட்டும் போதாது, உடன் நின்று காண்பதும் வேண்டும் என்ற இந்த நுட்பத்தை நான் படித்த நாள் முதல், தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் கற்பது எவ்வாறு, அதில் வீட்டாருக்குரிய கடமை யாது என்ற விஷயம் எனக்கு வேறொரு வெளிச்சத்தில் விளங்கலாயிற்று.

அந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளை கற்பது என்ன? உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள் என்று கணக்குச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் அகப்படாத ஒன்று இருக்கிறது. ‘ப’, ‘ட்’, ‘ட’, ‘ம்’ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து எழுத்துக்கூட்டும் பிள்ளை, நாலு எழுத்தையும் பிழையின்றிச் சொல்லியும் அது என்ன சொல் என்று அறியாமல் விழித்துக்கொண்டிருக்கும்; இரண்டாம் முறை சற்று வேகமாகக் கூட்டும்; மூன்றாம் முறை, யாரும் எதுவும் சொல்லாதிருக்கையிலேயே, முகம் மலர்ந்து, “பட்டம்!” என்று கூவும். நாலு ஒலிகளுக்கும் வானத்தில் பறக்கும் அந்தக் காகிதத்துக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. அதைப் பிள்ளை தானே தாண்டிற்று. ஆசிரியர் அந்தப் பள்ளத்தின் கரைவரை கொண்டுவந்து விடலாம். தூக்கி அக்கரையில் வைக்க அவராலும் இயலாது.

கணக்கிலும் அப்படியே. நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது. ஆகவே பக்கத்திலுள்ள நாலிடம் ஒன்று கடன் வாங்கு என்கிறோம். வாங்கியது ஒன்று, வந்து சேர்ந்ததோ பத்து. ஒன்று எப்படிப் பத்தாயிற்று? எட்டு வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கையில் முதன்முதல் எதிர்ப்படும் தத்துவச் சிக்கல் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. நம்மில் பலர் அந்த வித்தையை விளங்கிக்கொள்ளாமலே, வாங்கிய கடனுக்குப் புள்ளி வைத்துக் கணக்கைப் போட்டுத் தப்பித்து வந்தவர்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டை மளிகைக் கடைக்குப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பி, பத்து ஒற்றை ரூபாய் நாணயங்களாக மாற்றி வரச் செய்து, அவற்றைத் தரையில் பரப்பி, அதனுடன் அமர்ந்து எண்ணிப் பார்த்தால், ஒன்று பத்தாகும் மர்மம் பிள்ளையின் உள்ளங்கையிலேயே விளங்கிவிடும். பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் முன்பு நம் வீடுகளில் செய்த வேலையும் ஏறக்குறைய இதுவே.

‘அதனுடன் அமர்ந்து’ என்று நான் எழுதியதைக் கவனிக்க வேண்டுகிறேன். பள்ளியாசிரியர் காட்டுகிறார், செவ்வனே காட்டுகிறார் என்றே கொள்வோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விதித்திருக்கிறது. நம் கிராமங்களில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நின்ற படியை அறிந்து பிரித்தது. ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள் ஒரே படியில் நிற்பவர்கள் அல்லர் என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. பூவுக்கும் முன் அரும்பு என்று ஒரு நிலை உண்டு, அது குறையன்று என்று பெயரிலேயே சொல்லிற்று. ஆயினும் முப்பது பிள்ளைகளும் முப்பது பள்ளங்களின் கரையில் நின்றால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது தாண்டும்வரை நின்றுகொண்டிருக்க ஓர் ஆசிரியருக்கு எத்தனை உடம்பு வேண்டும்! காட்டும் உபகாரத்தை ஒருவர் பலருக்குச் செய்யலாம். காணும் உபகாரமோ ஒருவருக்கு ஒருவராகத்தான் செய்யக் கூடியது. ஆகையால் அது வீட்டின் தர்மமாகிறது.

வீட்டில் நடப்பது என்ன? பிள்ளை கையில் எடுத்த அட்டையும் கத்தரிக்கோலும் அரை மணி நேரத்தில் தகப்பனாரிடம் போய்ச் சேர்கின்றன. மறுநாள் பள்ளியில் ஓர் அழகான கோபுரம் நிற்கிறது. பிள்ளைக்கு அதில் பசை தடவிய பாத்தியதை மட்டுமே. விஜயதசமியன்று பிடித்த விரலை விட மனம் வராமல், எட்டாம் வயதிலும் பத்தாம் வயதிலும் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். அல்லது, விரலை விட்டுவிட்டு, மதிப்பெண் அட்டை வரும் நாளில் மட்டும் எதிரில் வந்து நின்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். முன்னது பிள்ளையைச் சடமாக்குவது. பின்னது தானே அறியும் கடவுளாக அதை எண்ணிக்கொண்டு, அப்படி இல்லையே என்று கோபிப்பது.

இந்தக் கோபத்தின் வேர் எதுவென்று அறிய வேண்டுவோர் அருணந்தி சிவாசாரியரின் வரலாற்றை நினைக்க வேண்டும். மெய்கண்டாரின் குலகுருவாகிய அவர், ஆகமங்கள் அனைத்தும் அறிந்தமையால் சகலாகம பண்டிதர் எனப் பெற்றவர். மிக இளம்பிராயத்தினரான மெய்கண்டார் பலருக்கு உபதேசம் செய்வதாகக் கேள்வியுற்று அங்கே வந்து, ஆணவ மலத்தின் சொரூபம் யாது என்று வினவினாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை; அவர் நின்ற நிலையை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்தது. தாம் நிற்கும் அந்த நிலையே ஆணவத்தின் சொரூபம் என்று பண்டிதர் புரிந்துகொண்டு அடிபணிந்தார். பிற்பாடு சிவஞானசித்தியாரை இயற்றியவர் அவரே. இந்த வரலாற்றில் பிள்ளையின் ஞானத்தை வியப்பவர்களே அதிகம். அந்த முதியவரின் ஞானம் அதற்குக் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம். பிள்ளையின் பார்வையில் தம்மைக் கண்டுகொள்ள அவரால் முடிந்ததே! கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் பல்லைக் கடிக்கும்போது நம்மை நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையின் கண்ணிலும் நாம் நிற்கும் நிலை தெரியத்தான் செய்கிறது. “எனக்கும் இது சட்டென்று விளங்கவில்லையப்பா, இருவருமாகப் பார்ப்போம் வா” என்று சொல்லும் தகப்பனார், கணக்கைக் காட்டிலும் பெரியதொன்றை அந்தக் கணத்தில் கொடுத்துவிடுகிறார்.

“நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன உதவி செய்ய முடியும்?” என்று கேட்கும் தாய்மார்களை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. காட்டுவதற்குத்தான் கல்வி வேண்டும். உடன் காண்பதற்கு அது வேண்டுவதில்லை என்று அவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வேன். எனக்கு அதைக் கற்பித்தவள் என் அப்பத்தா.

அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, திருவிழாக் கடையில் பெரிய எழுத்து நல்லதங்காள் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, தினமும் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். கதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சிறுவயதில் ஒப்பாரியாகவும் கூத்தாகவும் எத்தனையோ முறை கேட்டவள். அண்ணன் இல்லாத சமயத்தில் பசியோடு வந்த நல்லதங்காளுக்கு, அண்ணி மூளி அலங்காரி அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கும் இடத்தில் நான் ‘மட்டை’யை ‘மூட்டை’ என்று வாசித்துவிட்டேன். அப்பத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள். “மூட்டையா? அடுப்பெரிக்க மூட்டையை எவ குடுப்பா? மறுபடி பாரு ராசா” என்றாள். தவறு எந்த எழுத்தில் என்று அவளுக்குத் தெரியாது; தவறு என்பது மட்டும் தெரிந்தது. நான் மறுபடி பார்த்தேன். புத்தகத்தில் இருந்தது சுழி ஏதும் சேராத வெறும் மகரம். அவள் காத்திருந்தாள். நான் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் உலக்கை மறுபடி அசைந்தது.

பஞ்சத்துக்கு ஆற்றாது ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளும் கட்டத்தை நான் வாசித்து முடிக்க மூன்று நாட்களாயின. கடைசிப் பிள்ளையிடம் வந்தபோது என் குரல் தடுமாறிற்று, நிமிர்ந்து பார்த்தேன், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குத்தான் கதை தெரியுமே அப்பத்தா, பெறகு எதுக்கு அழுவுற?” என்று கேட்டேன்.

“தெரிஞ்ச கதைதான் ராசா. நீ வாசிச்சு இன்னைக்குத்தானே கேக்குறேன்.”