பணிக்குப் பெயர் வேண்டுமா?

நான் இப்போது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காகப் பொதி செய்துகொண்டிருக்கும் லைப்ரரி மிகச் சிறியது. ஒரு நிரலுக்கு மனிதரிடமிருந்து நாலு வரி எழுத்து தேவைப்பட்டால், இது ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். அந்த மனிதரின் எடிட்டரில் அதைத் திறந்துவிடும். அவர் எழுதி, சேமித்து, மூடும்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும். பிறகு எழுதியதை வாசித்து நிரலிடம் ஒப்படைத்துவிட்டுக் கோப்பை அழித்துவிடும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் கமிட் செய்தவர்கள் பலரும் இந்த மாதிரி ஒரு வேலை தங்களுக்காக நடந்ததைப் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள்.

எந்த எடிட்டரைத் திறப்பது என்பதில்தான் இதன் தர்மம் இருக்கிறது. யுனிக்ஸ் உலகில் அதற்கு இரண்டு சூழல் மாறிகள் உண்டு, 'விஷுவல்', 'எடிட்டர்' என்று. பயனர் அவற்றில் தன் விருப்பத்தைச் சொல்லி வைத்திருந்தால் அதையே திறக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கணினியின் பொது எடிட்டரைத் திறக்க வேண்டும் என்கிறது டெபியனின் கொள்கை ஆவணம். லைப்ரரியை எழுதியவரோ பயனர் எதுவும் சொல்லாத இடத்தில் தனக்குப் பிடித்த எடிட்டரை வைத்திருந்தார். அந்த இடத்தைத் திருத்த ஒரு சின்ன ஒட்டு எழுதினேன். எனக்கு விம் தவிர வேறெதிலும் கை ஓடாது. ஆனாலும் அங்கே என் விருப்பத்துக்கு இடமில்லை, அவர் விருப்பத்துக்கும் இடமில்லை. யார் என்றே தெரியாத ஒருவர் என்றோ ஒருநாள் எழுத உட்காரும்போது அவருடைய எடிட்டர் திறக்க வேண்டும். அந்தத் தற்காலிகக் கோப்பை அவரைத் தவிர அதே கணினியிலுள்ள வேறெவரும் வாசிக்க முடியாதபடி அனுமதிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்து வைத்தேன்.

கட்டுகஸ்தோட்டையில், ஏ9 வீதியிலிருந்து குருநாகல் வீதி பிரியும் சந்திக்குச் சற்று மேலே எங்கள் வீடு. இரவில் மரக்கறி லொறிகளின் சத்தம் அடங்கிய பிறகுதான் இந்த வேலைக்கு உட்காருவேன். அம்மா ஒருநாள் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு யாரு மகன் காசு குடுக்குறது?" யாரும் இல்லை என்றேன். "அப்ப பேராவது வருமா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவது கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் சைவர்கள். ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலங்களைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள். அதில் முதலில் நிற்பது ஆணவம். பலன் கருதாமல் பணி செய் என்று கேட்டு வளர்ந்த ஒருவன், தான் செய்த பொதியில் தன் பெயரை எழுதலாமா? டெபியனில் எழுதாமல் இருக்கவே முடியாது. ஒவ்வொரு பொதியிலும் பராமரிப்பாளர் என்று ஒரு வரி உண்டு. பெயரும் மின்னஞ்சலும் இல்லாமல் பொதி ஏற்கப்படாது. சிறந்த தொண்டு பெயரற்ற தொண்டுதான் என்றால், அந்த வரி தொண்டின் மேல் விழுந்த கறையா?

எங்கள் ஊர்ப்பக்கம் வீதியோரங்களில் வழிப்போக்கருக்காகப் பௌத்தர்கள் மண்பானையில் தண்ணீர் வைப்பார்கள். பின் தாலிய என்பார்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது. வெயிலில் நடந்து வந்து குடிப்பவருக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. ஆனால் பானையில் பாசி பிடித்துவிட்டால்? குவளை காணாமல் போய்விட்டால்? குடிக்கும்போது வேண்டாத பெயர், தண்ணீர் கெட்டுப்போகும்போது வேண்டியிருக்கிறது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பூதியடிகளின் கதை எனக்குப் புதிதாக விளங்கியது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது. திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், தான் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரில். பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். அந்த வழியாக வந்த நாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைக் கண்டு, இதை வைத்தது யார் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்கிறார். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆளைச் சொல்கிறார்கள், வீடு பக்கத்தில்தான் என்கிறார்கள். நாவுக்கரசர் நேரே அந்த வாசலுக்குப் போகிறார். உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அப்பூதியடிகளிடமே கேட்கிறார்.

கதாப்பிரசங்கிகள் எல்லோரும் அடியாரின் பக்தியில் நின்றுவிடுவார்கள். எனக்கு அந்தப் பந்தலில் நின்றவர்கள் முக்கியமாகப் படுகிறார்கள். பந்தலின் பெருமை முழுவதும் நாவுக்கரசருக்குப் போயிற்று. அதன் பொறுப்பு மட்டும் அப்பூதியடிகளிடம் இருந்தது. அது யார் வீடு என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஒரு பொதியின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். காப்புரிமைக் கோப்பில் லைப்ரரியை எழுதியவரின் பெயர் முதலில் நிற்கும். அந்த ஆக்கம் அவருடையது. அதில் எனக்குப் பங்கில்லை. பராமரிப்பாளர் வரியில் என் பெயர் இருப்பது, பழுது என்றால் தட்ட வேண்டிய கதவு எது என்று சொல்வதற்கு.

ஆகவே அந்த வரியில் ஆணவம் இல்லை என்று நான் நம்புகிறேன். சொல்லப்போனால், பெயரை மறைத்துக்கொள்வதில்தான் சில வேளை ஆணவம் ஒளிந்திருக்கிறது. நல்லது செய்துவிட்டேன், இனி என்னை யாரும் கேள்வி கேட்க வராதீர்கள் என்ற ஆணவம் அது.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருப்பது உலகத்துக்குத் தெரிய வந்தது. வைத்தவருக்கும் ஒரு பெயர் இருந்தது: ஜியா டான். ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பையும் பெற்றுக்கொண்ட பெயர். அதற்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்றும் வெளியாகவில்லை. கெட்ட பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்டன. நிலையான வெளியீட்டைத் தொடவில்லை. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைவது ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவது ஏன் என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு விடாமல் தேடினார்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு டெபியனின் சடங்குகளை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். உறுப்பினராக விரும்புபவரை ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, அவருடைய மறையாக்கத் திறவுகோலில் கையொப்பமிடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. என்னைப் போல் உறுப்பினர் அல்லாதவரின் பொதியை ஓர் உறுப்பினர் பார்த்துத் தன் கையொப்பத்தில்தான் ஏற்றுவார். புதிய பொதி என்றால் அதன் உரிமங்களை இன்னொரு குழு சரிபார்க்கும். முதலில் இது அவநம்பிக்கை போலத் தோன்றும். ஆனால் என் பெயர் நான் சொல்லிக்கொள்வதால் மட்டும் பெயராகிவிடுவதில்லை. திங்களூரில் பந்தலில் நின்றவர்கள் சொன்னதுபோல, மற்றவர்கள் என்னைத் தெரியும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடியார் கூட்டம் என்று சைவம் வற்புறுத்துவதும் இதனால்தான் என்று படுகிறது. தொண்டு தனி ஆள் காரியம் அல்ல.

இன்னும் ஒன்று. பராமரிக்க முடியாமல் போனால் சொல்லிவிட்டு விலக டெபியனில் முறை இருக்கிறது. பொதியை 'அநாதை' என்று அறிவித்துவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படி விலகியவர்களின் அறிவிப்புகளை நான் வாசித்திருக்கிறேன். நேரமில்லை, உடல்நிலை சரியில்லை, இப்போது இதை நான் பயன்படுத்துவதில்லை என்று இரண்டு வரிகள். அவர்கள் பெயர் பழைய மாற்றப்பதிவில் தங்கும், பொறுப்பு கைமாறும். பிடித்து வைத்துக்கொண்டு பாழாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். இதையும் பற்றறுத்தல் என்றே நான் சொல்வேன்.

இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய டெபியன், 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளைத் தந்தது. அநாதைப் பொதிகளின் பட்டியல் எப்போதும் நீளமாகத்தான் இருக்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கணினி படிக்கும் தம்பி தங்கைமாரே, அதில் உங்களால் முடிந்த சிறிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் வரியில் உங்கள் சொந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள். பழுது சொல்லி யாராவது மடல் அனுப்பினால் அன்றைக்கே ஒரு பதில் போடுங்கள்.