டாக்டர் பட்டமும் ஆணவமும்

டாக்டர் என்னும் சொல், கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் அது கற்பித்தற்கு உரிமை பெற்றாரையே குறித்தது. எனவே அதற்குப் பொருள் ஆசிரியன் என்பதாம். அற்றேல், ஆராய்ச்சி நூலியற்றி அப்பட்டம் பெற்றார் யாவரும் ஆசிரியராவரோ எனின், ஒரு வரலாறு ஈண்டு நினைக்கற்பாலது.

13-ஆம் நூற்றாண்டில் சகலாகம பண்டிதர் எனப் பட்டம் பூண்டிருந்தார் அருணந்தி சிவாசாரியார். திருவெண்ணெய்நல்லூரில் இளஞ்சிறாராகிய மெய்கண்டதேவர் மாணவர்க்கு உபதேசித்தலைக் கேள்வியுற்ற அவர், ஆங்குச் சென்று ஆணவத்தின் இயல்பு யாதென வினவினார். தேவர் விடை கூறாது, நின்றவரையே உற்று நோக்கினார் என்ப. பண்டிதர் அக்கணமே அவர் திருவடியில் வீழ்ந்தார்.

அன்று நீங்கியது அவர் கற்ற கல்வியன்று; 'யான் கற்றேன்' என்னுஞ் செருக்கே. அக்கல்வியே பின்னர்ச் சிவஞான சித்தியாராய் உலகிற்குப் பயன்பட்டது.

ஆதலின் பட்டம் இகழற்பாலதன்று. நூலறிவு இருளிற் செல்வான் கைவிளக்கை ஒக்கும். வழியை நோக்காது விளக்கையே நோக்கி நிற்பான் கண் கூசும். அவனுக்கு வழியும் புலப்படாது. தாம் அறியாததொன்றை ஒரு சிறுவன் அறிவானாயின், அவன்பாற் கேட்டறிய நாணாத பட்டதாரிக்கே டாக்டர் என்னும் பெயர் பொருளுடையதாகும்.

திருச்சிற்றம்பலம்.